நாற்பத்தோராம் பெட்டியின் கறுப்புக் கல்

வருகிற திங்கட்கிழமை புதிதாக வேலைக்குச் சேரும் நீங்கள் ஐந்து பேரும் கவரைப்பேட்டை ஷெட்டுக்கு வரும்போது, வாசலில் தேசம்மா அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டுவார். மோதிரம், சங்கிலி, வளையல், கம்மல், மூக்குத்தி எது இருந்தாலும் கழற்றி அதில் போட வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் ஒரு திருகாணிகூடக் குறையாமல் திரும்பக் கிடைக்கும். ஏன் என்று கேட்டால், "டீச்சரைக் கேளு" என்பார். அந்த டீச்சர் நான்தான். திங்கட்கிழமை நான் அங்கே இருக்க மாட்டேன். அதனால் நீங்கள் கேட்கப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே பதில் எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. முப்பது வருடம் கழித்து எழுதினால், நடந்ததையெல்லாம் எனக்குச் சாதகமாகத் திருத்திவிடுவேன் என்று என்னைப் பற்றியே எனக்கு ஒரு சந்தேகம். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் பழவேற்காடு ஏரி ஓரத்துக் குப்பத்தில் பிறந்தவள். அப்பா இறால் பிடிப்பவர். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லை. படகேறிப் போய்ப் பள்ளியை முடித்து, மெட்ராஸில் விடுதியில் தங்கி ஜியாலஜியில் பட்டம் வாங்கினேன். தலைக்கனம் உண்டா என்றால், உண்டு. யாரும் இரவல் கொடுத்த கனம் இல்லை அது, நானே சம்பாதித்தது. இந்தக் கதையில் அந்தக் கனம் ஒரு தடவை என்னைக் கவிழ்த்தது, ஒரு தடவை தூக்கி நிறுத்தியது.

முதலில் ஷெட்டைப் பற்றி. சுற்றிலும் நெல் வயல். காக்காய் விரட்ட ஒரு கல் வேண்டுமென்றால்கூட ரயில் தண்டவாளத்துக்குத்தான் போக வேண்டும். அந்த ஊரில் கல்லுக்கென்று ஒரு கிடங்கு இருப்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். நம் கம்பெனியின் மலை ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே இயந்திரம் வைத்துத் துளை போடுவார்கள். துளையிலிருந்து மணிக்கட்டுத் தடிமனில் உருளை உருளையாகக் கல் வெளியே வரும். அதற்குப் பெயர் கோர். அதை மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, பெட்டிக்கு எண் போட்டு லாரியில் அனுப்புவார்கள். ஷெட்டில் ஆறு பெண்கள் அதைக் கழுவுவார்கள். கழுவிய கல்லைப் பார்த்து, எத்தனையாவது அடியில் என்ன இருக்கிறது என்று நான் பதிவேட்டில் எழுதுவேன். எந்தப் பகுதியைப் பிளந்து மெட்ராஸ் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் நானே குறிப்பேன். பெண் என்பதால் அப்போது என்னை மலைக்கு அனுப்பவில்லை. மலையைத் துண்டு துண்டாக என்னிடம் அனுப்பினார்கள்.

அந்த மலை எரிமலை கக்கிய பழைய பாறை. ஏதோ ஒரு காலத்தில் அடியிலிருந்து கொதிநீர் விரிசல் வழியாக ஏறிவந்து, போகிற வழியெல்லாம் பாறையின் குணத்தையே மாற்றிவிட்டது. நீர் நேராகப் பாய்ந்த இடத்தில் பாறை கண்ணாடிபோல் கெட்டியான வெள்ளைக் கல்லாகிவிட்டது. அதை ஒட்டி மாவுபோல் வெளுத்த களிமண் இருக்கும். இன்னும் தள்ளிப் போனால் பச்சை. நீர் எட்டவே எட்டாத இடத்தில் பழைய பாறை பழைய நிறத்திலேயே இருக்கும். தங்கமோ செம்போ, கொதிநீர்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆகவே நம் வேலை, நிறத்தைப் பார்த்து நீர் போன தடத்தைப் பிடிப்பது. இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியைக் கல்லே சொல்லித் தரும்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில், வெளுத்த பகுதி ஒன்று களிமண்தானா என்று பார்க்க ஒரு துண்டை நாக்கில் வைத்தேன். களிமண் என்றால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். இது எல்லாரும் செய்கிற சோதனை. நிமிர்ந்து பார்த்தால், கழுவுகிற ஆறு பேரும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி தேசம்மா அக்கா. மீஞ்சூர்ப் பக்கத்துக்காரர்.

"இன்னா டீச்சரு, மண்ணு துன்னுற? எத்தினி மாசம்?"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. காது வரை சிவந்துபோனேன். "இது சோதனை, அக்கா. களிமண்ணா பாக்குறேன்" என்றேன்.

"நானும் எம் பெரியவன் வயித்துல இருக்க சொல்லோ இப்டித்தான் சோதனை பண்ணிக்கினு இருந்தேன். அஞ்சு கிலோ சோதனை பண்ணிக்கிறேன்."

ஷெட்டே சிரித்தது. அன்றிலிருந்து அந்த வெள்ளைக் களிமண் பெட்டி எது வந்தாலும், "டீச்சரு நாஷ்டா வந்துக்குது" என்று கூப்பிடுவார்கள். படித்த பெண் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது பள்ளிக்கூட டீச்சர் மட்டும்தான். அதனால் எனக்கு அந்தப் பெயர். நானும் திருத்தவில்லை.

இனி என் தவறு.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு ஜோடி கம்மல் வாங்கினேன், பொன்னேரி பத்தர் கடையில். சனிக்கிழமை ஊருக்குப் போகும் வரை பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமையே ஷெட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். தேசம்மா அக்கா அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பத்தரு ஒன்னைப் பாத்தவொடனே தெரிஞ்சிக்கினு இருப்பான், படிச்ச பொண்ணு, ஒண்ணும் தெரியாதுன்னு. பாதி செம்பு."

எனக்குச் சுருக்கென்றது. அப்போது மூன்றாம் துளையின் நாற்பத்தோராம் பெட்டி என் முன்னால் திறந்து கிடந்தது. அதில் இருந்தது வழவழவென்று மை கறுப்பில் ஒரு கல். கொதிநீர் தொடாத பழைய பாறை. வெள்ளையும் பச்சையும் தாண்டி ஆழத்தில் ஒரு பட்டையாக வந்திருந்தது. அதைத்தான் அன்று காலையில் பதிவேட்டில் எழுதியிருந்தேன்: "கறுப்பு, கெட்டி, மாற்றமில்லை, மாதிரி தேவையில்லை."

பத்தர் கடை உரைகல்லும் இதே சாதிக் கல்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சும்மா வைத்திருக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரு துண்டை எடுத்து, கம்மலின் விளிம்பை அதில் அழுத்தி ஒரு கோடு இழுத்தேன். கறுப்பில் மஞ்சள் கோடு பளிச்சென்று விழுந்தது.

"பாத்துக்கோங்க. சுத்தத் தங்கம்" என்றேன். அதோடு நிறுத்தினேனா? உரைகல் என்றால் என்ன, ஏன் கறுப்பாக இருக்க வேண்டும், ஏன் நுண்ணிய கல்லாக இருக்க வேண்டும் என்று ஆறு பேருக்கும் பாடம் வேறு நடத்தினேன். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். மறுநாள் ரயிலில் ஊருக்குப் போகும்போது கால் தரையில் பாவவில்லை.

பிறகு நான் அதை மறந்துவிட்டேன். மற்றவர்கள் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

நான்கைந்து மாதம் போயிற்று. வெள்ளைக் கல்லின் பரிசோதனை முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. தங்கம் இருந்தது, ஆனால் சும்மா பெயருக்கு. ஒரு லாரி கல்லில் நாலைந்து மோதிரத்துக்குத் தேறினால்தான் நம் தொழிலில் தோண்டலாமா என்று பேச ஆரம்பிப்பார்கள். எங்களுக்கு ஒரு மூக்குத்திகூடத் தேறவில்லை. மெட்ராஸிலிருந்த டைரக்டர் பொறுமை இழந்து, "மூன்றாம் துளையில் மிச்சம் மீதி இருப்பதையெல்லாம் பரிசோதனைக்கு அனுப்புங்கள், கறுப்பையும் சேர்த்து" என்று உத்தரவு போட்டார். அது வந்தபோது நான் தம்பி கல்யாணத்துக்காக மூன்று நாள் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது கறுப்புப் பெட்டிகளை நெடுக்காகப் பிளந்து, பாதியை அனுப்பி, மறு பாதியைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும், எனக்கு அப்போதுகூட ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு புதன்கிழமை காலை சீஃப் ஷெட்டுக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தார். எங்கள் தலைமை ஜியாலஜிஸ்டை எல்லாரும் சீஃப் என்றுதான் சொல்வோம். ஐம்பது வயதுக்காரர். அதற்கு முன்னால் அவர் வேகமாக நடந்தே நான் பார்த்ததில்லை. ஒரு கையில் பரிசோதனைக்கூடத்துக் கடிதம், இன்னொரு கையில் மைசூர்பாகுப் பொட்டலம்.

"பாரும்மா! நாற்பத்தொண்ணு! மத்த கறுப்புப் பெட்டியில ஒண்ணும் இல்லை, இதுல மட்டும் அள்ளிக் கொட்டியிருக்கு. நீ என்ன எழுதியிருக்கே? 'மாற்றமில்லை, மாதிரி தேவையில்லை.' நீ தேவையில்லைன்னு தள்ளின பெட்டியிலதான் மகாலட்சுமி உட்கார்ந்திருக்கா!"

எனக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம் இல்லை, ரோஷம். "சார், அது மாற்றமில்லாத பாறைதான். கொதிநீர் வந்ததுக்கு ஒரு அடையாளமும் இல்லை."

"அடையாளம் இல்லாம தங்கம் எப்படிம்மா வரும்? உன் கண்ணுக்குத் தப்பியிருக்கு. பரவாயில்லை, புதுசா வர்றவங்களுக்கு வர்ற தப்புதான், யாரும் கோவிச்சுக்கப் போறதில்லை. வெள்ளிக்கிழமை டைரக்டர் வர்றார். மெஷினைக் கிழக்கே இருந்து கழற்றி, இந்தக் கறுப்புப் பட்டையைத் தேடி மேற்கே கொண்டுபோகப் போறோம். அப்புறம் இன்னொண்ணு. உன் பர்மனென்ட் ஆர்டர் டைப் ஆகி என் மேசையில இருக்கு. அவர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

பர்மனென்ட் ஆர்டர். அது வரைக்கும் நான் தற்காலிக வேலையில் இருந்தேன். எப்போது வேண்டுமானாலும் போ என்று சொல்லலாம். நான் ஆபீசராகிவிட்டேன் என்று அப்பா ஏரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கையில் மைசூர்பாகுடன் நின்றேன். அப்போதுதான் நாற்பத்தொன்று என்ற எண் மெல்ல உள்ளே இறங்கியது.

சீஃப் போனதும் பெட்டியைத் திறந்தேன். மறு பாதிக் கல்லை நனைத்து லென்ஸில் பார்த்தேன். உருளையின் வெளிப்பக்கம் முழுக்க மஞ்சள் கோடுகள். நீளமாக, குட்டையாக, குறுக்கும் நெடுக்குமாக. கல்லைத் திருப்பி, பிளந்த முகத்தைப் பார்த்தேன். வெறும் கறுப்பு. ஒரு பொட்டுக்கூட இல்லை.

"தேசம்மாக்கா, இந்தக் கல்லுல யார் யார் தேச்சீங்க?"

அக்கா நிதானமாக முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "மொதல்ல ஒன் கம்மலு. அப்பால என் மூக்குத்தி. செல்வி தோடு. அதோ அவ நாத்துனா வளையலு. லாரி டிரைவரு மோதிரம். டீக்கடக்காரரு, பொண்ணு கல்யாணத்துக்கு வாங்குன செயினு. அவரு சொல்லி ஸ்டேஷன்கிட்ட இருந்து நாலு பேரு வந்தாங்க. சாப்பாட்டு டைம்ல வந்து தேச்சிப் பாத்துக்கினு போவாங்க. கிளீனரு மோதிரம் மட்டும் கவரிங்கு, பாவம், அழுதுட்டான்."

"ஐயோ அக்கா!"

"இன்னா ஐயோ? நீதான சொல்லிக் குடுத்த? இடம் இல்லன்னா கல்லைத் திருப்பித் திருப்பித் தேச்சோம்."

நடந்ததைச் சொன்னேன். அக்காவின் முகம் மாறியது. மற்றவர்களைத் தூரப் போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "த பாரு டீச்சரு. அவுங்களுக்குத் தங்கம் வோணும், கெடச்சிடுச்சி. ஒனக்கு ஆர்டர் வோணும், வந்துடுச்சி. நடுவுல நீ இன்னாத்துக்குப் பேஜாரு பண்ணிக்கினு? மேக்கால போய்த் தோண்டுவானுங்க, ஒண்ணும் இருக்காது. மலைன்னா அப்டித்தான், ஒரு எடத்துல இருக்கும், ஒரு எடத்துல இருக்காதுன்னு போய்க்கினே இருப்பானுங்க. சொன்னா எங்க ஆறு பேரு வேலையும் பூடும், ஒன்னுதும் பூடும்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடம். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் என் பதிவு தப்பு என்று ஆகும். அவ்வளவுதான். புதிதாக வந்தவள் செய்த சின்னத் தப்பு, மன்னித்தும் ஆகிவிட்டது. ஆர்டர் கைக்கு வந்துவிடும். வாயைத் திறந்தால் என் பதிவு சரி என்று ஆகும், ஆனால் கம்பெனியின் கல்லில் அம்மாவின் கம்மலைத் தேய்த்துப் பார்த்த புத்திசாலி என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

நேர்மைதான் ஜெயித்தது என்று உங்களுக்கு எழுத ஆசையாக இருக்கிறது. நடந்தது அது இல்லை. மேற்கே வீணாகப் போடப்போகும் துளைகளையும் நினைத்தேன்தான். ஆனால் அன்று முழுக்க என்னைக் குடைந்தது ஒரே ஒரு விஷயம். என் பதிவேட்டில் நான் எழுதிய சரியான வரியை, தப்பு என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வரியை எழுத நான் படகேறி, ரயிலேறி, பதினாறு வருடம் படித்திருக்கிறேன். அதை எப்படி விடுவது?

வியாழக்கிழமை காலை பாதிக் கல்லை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு சீஃபின் அறைக்குப் போனேன்.

"சார், நாற்பத்தொண்ணுல இருக்கிறது மலையோட தங்கம் இல்லை. அந்தக் கல்லுல நான் கம்மலைத் தேச்சுப் பாத்தேன். நான் மட்டும்தான் சார், பல தடவை."

அவர் கல்லை வாங்கி, மேசை மேல் இருந்த கூஜாத் தண்ணீரால் நனைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸோடு பார்த்தார். திருப்பிப் பிளந்த பக்கத்தைப் பார்த்தார். மறுபடி வெளிப்பக்கம். ரொம்ப நேரம். பிறகு கேட்டார்:

"உங்க அம்மா கம்மல் எத்தனை கலர்ல இருக்கும்மா?"

"சார்?"

"இந்தக் கோடு நல்ல மஞ்சள். இது வெளுத்திருக்கு, வெள்ளி கலந்தது. இதோ இது சிவப்பு, ஏகப்பட்ட செம்பு. இத்தனையும் ஒரே கம்மலா?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தேசம்மா அக்கா என் பின்னாலேயே வந்து கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார்.

"அந்தச் செவப்புக் கோடு என் மூக்குத்தி சார். பத்தரு என்னியத்தான் ஏமாத்திக்கிறான்."

சீஃப் நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்பாரா கத்துவாரா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. கடைசியில், "நாளைக்கு டைரக்டர்கிட்ட நீயே சொல்லு. உன் பதிவு, உன் துளை" என்றார்.

வெள்ளிக்கிழமை டைரக்டர் காரில் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை. கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தோம். நான் ஒரு கையில் கல்லையும் இன்னொரு கையில் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னேன். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை.

"அப்படீன்னா என் தங்கச் சுரங்கம் இந்தம்மா மூக்குல இருக்குன்னு சொல்றீங்க" என்றார் டைரக்டர்.

"மூக்குல இல்ல சார்" என்றார் தேசம்மா அக்கா. "நேத்தே கயட்டி பிஸ்கட்டு டப்பாவுல போட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. கல் கழுவுகிற செல்வி மட்டும் தொட்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார்" என்றேன், "மிச்சக் கல்லோட வெளித்தோலைச் செதுக்கி எறிஞ்சிட்டு, உள்பக்கத்தை மட்டும் பரிசோதனைக்கு அனுப்புங்க. அதுல தங்கம் வந்தா என் பதிவு தப்பு. நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுறேன்."

இதைச் சொல்லச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. தலைக்கனம்தான் சொன்னது.

டைரக்டர் எழுந்தார். சீஃபிடமிருந்து என் ஆர்டரை வாங்கினார், படித்தார், நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "முடிவு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காரின் தூசி அடங்கும் வரை நாங்கள் எட்டு பேரும் அப்படியே நின்றோம். அப்பாவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் மைசூர்பாகு கீதா?" என்று கேட்டார் தேசம்மா அக்கா. இருந்தது. சாப்பிட்டோம்.

அன்று மாலை சீஃப் என்னைக் கூப்பிட்டார். "கறுப்பு போச்சு. முடிவு வர்ற வரைக்கும் மெஷின் கிழக்கேயே இருக்கும். உன் பதிவுல வேற என்ன இருக்கு, நான் நம்புற மாதிரி?"

"களிமண் சார்." மூன்று துளைகளின் பதிவையும் அவர் முன்னால் விரித்தேன். மேற்கே முதல் துளையில் களிமண் விரற்கடை. நடுத்துளையில் முழம். கிழக்கே மூன்றாவதில் ஆள் உயரம். "கொதிநீர் போன பெரிய வழி இன்னும் கிழக்கே இருக்கு. நாம அதோட ஓரத்தைத்தான் இதுவரைக்கும் தொட்டிருக்கோம். தங்கம் இருக்கான்னு எனக்குத் தெரியாது. வழி அங்கேதான்."

பத்து நாளில் முடிவு வந்தது. நாற்பத்தோராம் பெட்டி, உள்பக்கம்: தங்கம் இல்லை. மெஷின் இருந்த இடத்திலேயே இருந்தது. நான்காம் துளை கிழக்கே இறங்கி, களிமண்ணில் நுழைந்தது, வெளியே வரவே இல்லை. பெட்டி பெட்டியாக வெள்ளை மாவு. "டீச்சரு, மூணு வேளை சாப்பாடும் வந்துக்குது" என்றார்கள். அதற்கு நடுவில் இருந்த கெட்டி வெள்ளைக் கல்லிலும் தங்கம் பெயருக்குத்தான் இருந்தது. அந்த மலையில் தங்கத்துக்கு வாய்ப்பு இல்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம். அப்படி எழுதுவதும் நம் வேலைதான், மறந்துவிடாதீர்கள். ஆனால் களிமண்ணுக்கு வாய்ப்பு இருக்கிறது, அதுவும் ஏராளமாக என்று அடுத்த வரியில் எழுதினோம். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டி பீங்கான் தொழிற்சாலைக்கு ஷெட் வாசல் வழியாகப் போகிற வெள்ளை லாரிகள் எல்லாம் அந்த மண்தான். என் நாக்கில் ஒட்டிய அதே மண்.

என் ஆர்டர் உடனே வரவில்லை. டைரக்டரின் சட்டைப் பையிலேயே ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. எந்தச் சட்டை என்று அவருக்கும் மறந்திருக்கும். ஆறு பெண்களையும் நிறுத்திவிட வேண்டும் என்று மெட்ராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சீஃப், "நிறுத்துபவர் வந்து கோர் கழுவட்டும்" என்று பதில் போட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. எனக்கு அவர் செய்தது வேறொன்று. பதிவேட்டில் நாற்பத்தோராம் பெட்டிக்கு நேரே, என் கையெழுத்துக்குக் கீழே, சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார்: "மூன்றாம் துளைப் பதிவு சரி. திருத்தம் வேண்டாம்." ஆர்டர் பிறகு ஒருநாள் வந்தது. அதை அப்பா கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்தச் சிவப்பு வரிதான்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் இல்லை. கெட்ட முடிவு வந்தால் எல்லாரும் இரண்டாவது தடவை பார்ப்பார்கள். நல்ல முடிவு வந்தால் மைசூர்பாகு வாங்கப் போய்விடுவார்கள். நீங்கள் அப்போதுதான் பெட்டியைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசை வரும். வரட்டும், ஆனால் கம்பெனிக் கல்லில் வேண்டாம். கல்லைப் பற்றி நீங்கள் எழுதியது சரி என்றால் எழுதியதில் உறுதியாக நில்லுங்கள். அதற்காக வேறு என்னத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தாலும் சரி.

நாளைக்கு நான் மலைக்குப் போகிறேன், கேம்ப் பொறுப்பில். பெண்ணை மலைக்கு அனுப்புவதில்லை என்றவர்கள்தான் அனுப்புகிறார்கள். கிளம்பும்போது தேசம்மா அக்கா, "அங்க போயும் மண்ணு துன்னாத, மலையே கொறஞ்சி பூடும்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். அந்த மூக்கில் புது மூக்குத்தி இருக்கிறது. வேறு பத்தர் செய்தது.

என் மேசையில் காகிதம் பறக்காமல் வைக்க ஒரு கறுப்புக் கல் இருக்கும். நாற்பத்தோராம் பெட்டியில் செதுக்காமல் விட்ட கடைசித் துண்டு அது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எதையும் தேய்த்துப் பார்க்காதீர்கள். நனைத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் லென்ஸில் பாருங்கள். சிவப்புக் கோடு தேசம்மா அக்காவுடையது. வெளுத்தது லாரி டிரைவருடையது. இடது ஓரத்தில், மற்ற எல்லாவற்றுக்கும் அடியில், நல்ல மஞ்சளில் நேராக ஒரு கோடு ஓடும். அது என்னுடையது.